தஞ்சைக் கோயிலின் சாட்சிகள்

19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூருக்கு வந்த ஒருவர் ‘இந்தப் பெரிய கோயிலைக் கட்டியது யார்?’ என்று கேட்டிருந்தால், கரிகால் சோழன் என்ற பதில் கிடைத்திருக்கும். பிருகதீஸ்வர மாகாத்மியம் என்னும் தலபுராணம் அப்படித்தான் சொல்கிறது. கரிகாலனுக்குத் தீராத நோய் வந்ததாம். சிவனுக்கு மாபெரும் ஆலயம் எடுத்து அந்த நோய் நீங்கப் பெற்றானாம். படித்தவர்கள் நடுவே வேறொரு பெயரும் உலவியது. அந்தக் காலத்தில் வெளிவந்த வரலாற்றுப் பாடநூல் ஒன்றில் காடுவெட்டிச் சோழன் என்றொரு மன்னன் கோயிலைக் கட்டியவனாக இடம்பெற்றிருந்தான்.

இப்படி இரண்டு பெயர்கள் புழங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், கட்டியவனின் பெயர் கோயிலின் அடித்தளக் கற்களிலேயே இருந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை. ஆட்சியாண்டோடும் நாளோடும் இருந்தது. வழிபட வந்தவர்கள் தினமும் அந்த எழுத்துகளைக் கடந்துதான் வலம் வந்தார்கள். படிப்பார்தான் இல்லை. சோழர் காலத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்திலிருந்து வடிவம் மாறியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. வடசொற்கள் கிரந்தத்தில் வரும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பழகியவர் கண்ணுக்கு மட்டுமே அது மொழியாகும்.

1886இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டறிஞராக ஜெர்மானியரான யூஜின் ஹுல்ஷ் நியமிக்கப்பட்டார். அவரும் அவரது மாணவரான வெங்கய்யா போன்றவர்களும் தமிழகக் கோயில்களின் சுவர்களை ஒழுங்காகப் படியெடுக்கத் தொடங்கினார்கள். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கருந்தாளில் வெள்ளெழுத்தாக வாசகம் எழும். மைப்படி என்று பெயர். தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதி ஒதுக்கப்பட்டது. 1891 தொடங்கிப் பகுதி பகுதியாக அது வெளிவந்தது. கோயிலை எடுப்பித்தவன் முதலாம் ராஜராஜன் என்பதில் அதன்பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வரலாற்றை ஆராயப் புகும் மாணவருக்கு ஆதாரங்களின் தராதரத்தைச் சொல்லிக்கொடுக்க இந்த ஒரு கோயிலே போதும். நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதில் தொடர்புள்ளவர்கள் விட்டுச்சென்றது முதல்நிலைச் சான்று. அத்தகைய சான்றுகளைப் படித்துப் பின்னால் வந்தவர்கள் எழுதுவது இரண்டாம் நிலை. அவற்றைச் சுருக்கித் தரும் பாடநூலும் கலைக்களஞ்சியமும் மூன்றாம் நிலை. பாடப்புத்தகத்தில் இந்த வகைப்பாடு நாலு வரியில் முடிந்துவிடும். தஞ்சைச் சுவரின் முன்னால் நின்று பார்த்தால்தான் அதன் சிக்கல் தெரியும்.

முதலில் சுவரில் இருப்பதைப் பார்ப்போம். ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் போர்த்த செப்புக் கலசத்தை அவன் அளித்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. அடுத்த ஆண்டின் 20ஆம் நாளில் அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபடி அவன் இட்ட ஆணையை இன்னொன்று பதிவு செய்கிறது. தான் எடுப்பித்த கற்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டிர் கொடுத்தவற்றையும், மற்றவர் கொடுத்தவற்றையும் ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டுக என்பது அந்த ஆணை. அரசனின் பெயருக்குப் பக்கத்திலேயே கொடுத்த மற்ற எல்லாருடைய பெயருக்கும் இடம் உண்டு என்று சொன்ன அந்த வாசகம், தமிழ் ஆவணங்களிலேயே மிகப் பெருந்தன்மையான ஒன்று.

ஆணைக்குப் பின் வருவது கணக்கு. ஒவ்வொரு நகையும் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று கோயிலுக்கே உரிய ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கரடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவரவர் வந்த ஊர், குடியேறிய தெரு, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பங்கு; ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். விளக்கேற்றுபவர், கணக்கர், குடை பிடிப்பவர், தையல்காரர் என்று பணி செய்தவர்களின் பட்டியல் நீள்கிறது. தலைமைத் தச்சனின் பெயரும் அங்கே உண்டு: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்.

இந்தக் கணக்கை எழுதியவர்களுக்கு வருங்கால வரலாற்றாசிரியன் நினைவிலேயே இல்லை. யாருக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும், எந்த நகை கருவூலத்தில் இருக்க வேண்டும் என்பதில் நாளை வழக்கு வரக்கூடாது என்பதுதான் அவர்களின் கவலை. அதனாலேயே அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பு அதிகம். பெருமைக்காகச் சொல்பவன் கூட்டிச் சொல்லலாம். நெல் அளப்பதற்கு எழுதுபவன் கூட்டி எழுதினால் களஞ்சியம் காலியாகும்.

இதே கல்வெட்டுகளில் இன்னொரு செய்தி ஓரமாக வருகிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலப்பரப்பைச் சொல்லும்போது வரி விதிக்கப்படாத இடங்களைக் கழிக்க வேண்டும். எனவே குளம், வாய்க்கால், சுடுகாடு, ஊர்நத்தம் என்று எழுதிக்கொண்டே வரும் எழுத்தர் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் எழுதுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழநாட்டு ஊரில் யார் எங்கே ஒதுக்கப்பட்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை. எந்த அரசனும் அதைச் சொல்ல நினைக்கவில்லை, நிலக்கணக்கு சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சேரியில் வாழ்ந்தவர் ஒருவரின் பெயரைக்கூட இக்கணக்கு தருவதில்லை. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் காணி உடையவர்களும்தான் கல்லில் ஏறினார்கள். முதல்நிலைச் சான்று என்பதால் அது முழுச் சான்று ஆகிவிடாது என்பதை ஆய்வாளர் இங்கே கற்கிறார்.

கல்லில் இருப்பதெல்லாம் முதல்நிலைச் சான்று என்ற முடிவுக்கு வருபவருக்கும் அதே கோயிலில் பாடம் இருக்கிறது. திருச்சுற்றின் தென்மேற்குப் பகுதியில், சரபோஜி மன்னர் காலத்தில், 1803இல் வெட்டப்பட்ட நீண்ட மராத்திக் கல்வெட்டு ஒன்று உண்டு. போன்ஸ்லே வம்ச சரித்திரம் என்று பெயர். தஞ்சை மராத்தியரின் குலவரலாறு அது. 17ஆம் நூற்றாண்டின் சிவாஜியைப் பற்றி அது சொல்வதெல்லாம், நூறாண்டுக்கும் மேல் கழித்து அரசவையில் தொகுத்துச் சொன்ன கதை; அதாவது இரண்டாம் நிலை. கல்லில் வெட்டியதால் அதன் வயது கூடிவிடாது. ஆனால் 1803இல், ஆட்சி அதிகாரம் கும்பினியார் கைக்குப் போய்விட்ட நேரத்தில், தன் குலத்தை சரபோஜி எப்படி நினைவில் நிறுத்த விரும்பினார் என்று கேட்டால், அதே கல்வெட்டு முதல்நிலைச் சான்றாகிவிடுகிறது. கேள்வி மாறினால் சான்றின் தரமும் மாறும்.

தலபுராணத்துக்கும் அது பொருந்தும். கோயிலை யார் கட்டினார் என்ற கேள்விக்கு பிருகதீஸ்வர மாகாத்மியம் பயன்படாது. பின்வந்த நூற்றாண்டுகளின் மக்கள் சோழரை எப்படி நினைத்தார்கள், ராஜராஜன் மறந்துபோய்க் கரிகாலன் மட்டும் நினைவில் நின்றது ஏன் என்று கேட்பவருக்கு அதைப்போன்ற ஆவணம் வேறில்லை. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி 1821இல் இறப்பதற்குள் ஊர் ஊராகக் கல்வெட்டுப் படிகளையும் கைபீது என்னும் ஊர் வரலாறுகளையும் ஆயிரக்கணக்கில் திரட்டினார். காவலி போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களும் வேறு பல உதவியாளர்களும் ஊர்க்கணக்கர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிவந்த அந்தக் கைபீதுகளை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிய அறிஞர்கள் இருந்தார்கள். அது அநியாயம். பத்தாம் நூற்றாண்டைக் கேட்டால் அவை தடுமாறும். பதினெட்டாம் நூற்றாண்டைக் கேட்டால் தெளிவாகப் பேசும்.

வாய்மொழியாக இன்றும் உலவுவன வேறு சில உண்டு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பார்கள். நிழல் விழுவதை வெயில் நேரத்தில் போய் நிற்பவர் எவரும் பார்க்கலாம். உச்சிச் சிகரம் பல கற்களை இணைத்து அமைத்தது. இந்த நம்பிக்கைகளைத் தாங்கிய பயணக் கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பத்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான்.

கல்லிலிருந்து செப்பேட்டுக்கு வந்தால் வேறொரு சிக்கல். திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைச் சொல்பவை. ஏடுகளின் ஒரு பகுதி வடமொழி. மறு பகுதி தமிழ். தமிழ்ப் பகுதி ஊரின் எல்லையையும் ஆணையையும் சொல்கிறது. வடமொழிப் பகுதி சோழ வம்சத்தின் புகழைப் பாடுகிறது. அந்தப் புகழ்மாலையில் ராஜேந்திரனின் படை கங்கைவரை சென்றதும் கடாரத்தை வென்றதும் வருகின்றன. கங்கைப் படையெடுப்பு 1022ஐ ஒட்டி நடந்தது. கடாரப் படையெடுப்பு 1025இல் நடந்தது. 1018இன் ஆவணம் அவற்றை எப்படி அறியும்? வடமொழிப் பகுதி பின்னால் இயற்றிச் சேர்த்தது என்பதே விடை. ஒரே வளையத்தில் கோத்து, ஒரே முத்திரை இட்டிருந்தாலும், அதற்குள் இரண்டு காலத்து ஆவணங்கள் இருக்கின்றன. ஏட்டில் உள்ள ஆண்டைப் பார்த்து முழுவதையும் அந்த ஆண்டுக்கு எழுதிவிடுபவர் இங்கே வழுக்கி விழுவார்.

கல்வெட்டிலும் இப்படி உண்டு. பழைய செங்கல் கோயிலை இடித்துக் கற்றளியாக்கும்போது அங்கிருந்த பழைய சாசனங்களைப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த திருக்கோடிக்காவலில், இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு அவை இருக்கின்றன. வாசகம் பழையது, எழுத்தமைதி புதியது. எழுத்தின் வடிவை வைத்துக் காலம் கணிப்பவருக்கு அந்தக் குறிப்பு ஒரு வரம். பத்தாம் நூற்றாண்டு எழுத்தர்கள் அசலையும் நகலையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். இன்றைய பல நூலாசிரியர்களிடம் அந்த அக்கறை இல்லை.

சோழ வரலாற்றில் தமிழர் அதிகம் பேசும் புதிர் ஆதித்த கரிகாலனின் கொலை. சுந்தர சோழனின் மூத்த மகன், பாண்டியன் தலைகொண்டவன் என்று பேர் பெற்றவன், இளமையிலேயே மாண்டான். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, அவன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று நயமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. குடிமக்கள் வேண்டியும், பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அரசை விரும்பவில்லை என்றும் அது சேர்க்கிறது. சிற்றப்பன் என்பது உத்தம சோழன். அரசவைப் புலவர் கொலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

சொன்னது ஒரு நில ஆவணம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஊரின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியவர்களின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களும் உறவினரும் உடைமை இழக்க வேண்டும் என்ற அரசாணை ஊர்ச்சபைக்கு வந்ததையும், அந்த நிலத்தை வியாழ கஜமல்லன் என்பவர் விலைகொடுத்து வாங்கிக் கோயில் அறத்துக்கு அளித்ததையும் அது பதிவு செய்கிறது. கொலையை விசாரித்த குறிப்பு அதில் இல்லை. நிலம் எப்படிக் கைமாறியது, அதன் உரிமையில் வில்லங்கம் இல்லை என்று காட்டுவதே அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்காகத்தான் கொலையாளிகளின் பெயர் தேவைப்பட்டது.

இக்கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று எல்லா நூல்களும் சொல்லும். ஆனால் கல்லில் ராஜராஜன் என்ற பெயர் இல்லை. ராஜகேசரிவர்மன் என்ற பட்டமே இருக்கிறது. சோழர் ராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் பூண்டார்கள். சுந்தர சோழன் ராஜகேசரி, ஆதித்தனும் உத்தமனும் பரகேசரிகள், ராஜராஜன் ராஜகேசரி. சுந்தர சோழனின் 2ஆம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடு இருந்தான். எனவே கொலைக்குப் பின் வரும் ராஜகேசரியின் 2ஆம் ஆண்டு, ராஜராஜனின் 2ஆம் ஆண்டாகத்தான் இருக்க முடியும். காலம் 987 வாக்கில் அமையும். பிழையில்லாத கணிப்பு. ஆயினும் கல் சொன்னது எது, அறிஞர் உய்த்துணர்ந்தது எது என்ற கோட்டை அழித்துவிடலாகாது.

அந்தக் கோட்டைத் தாண்டிய இடத்தில்தான் சண்டை மூண்டது. கல்வெட்டைப் பதிப்பித்த நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழன் ஆண்ட ஆண்டுகள் முழுவதும் கொலையாளிகளுக்குத் தண்டனை இல்லாமல் போனதைச் சுட்டி, அவனுக்கே சதியில் பங்கிருக்கலாம் என்று கருதினார். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில்களை மேற்பார்வையிடும் உயர்ந்த பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொன்றவனின் மகனுக்கு அத்தகைய இடம் கிடைத்திருக்குமா என்பது மறுப்பவர்களின் கேள்வி. பிற்காலத்தில் குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்கள் கல்வெட்டை மீண்டும் வாசித்து விவாதித்திருக்கிறார்கள். இரு பெரும் அறிஞர்களுக்கும் முன்னால் இருந்தது ஒரே கல். அவர்களின் முடிவுகள் இரண்டாம் நிலைச் சான்றுகள்; எதிரெதிரானவை. ‘உத்தம சோழன் கொலைக்குத் துணைபோனான்’ என்று எழுதும் மாணவர் கல்வெட்டைச் சான்று காட்டக்கூடாது. சாஸ்திரியைத்தான் காட்ட வேண்டும்.

பிறகு ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த அந்த நாவல், சோழரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் கல்வெட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். நந்தினி கல்கியின் கற்பனையில் பிறந்தாள். வந்தியத்தேவனுக்குத் தஞ்சைக் கல்வெட்டில் இடம் உண்டு. ஆனால் அங்கே ராஜராஜனின் அக்கன் குந்தவையின் கணவர் என்ற அளவில்தான் பெயர் வருகிறது. அந்த ஒற்றைப் பெயரிலிருந்து ஒரு முழு மனிதனை உருவாக்கியது நாவலாசிரியரின் ஆற்றல். இன்று சோழ வரலாறு பேசும் பலருக்கு முதல் ஆசிரியர் கல்கிதான். அந்த நன்றியோடு, நாவலை 10ஆம் நூற்றாண்டுக்குச் சாட்சியாகக் கூப்பிடாமல் இருக்கவும் வேண்டும். விடுதலைக்குப் பிந்திய தமிழ் வாசகர்கள் தம் பழமையை எப்படிக் கனவு கண்டார்கள் என்பதை அறிய விரும்புபவருக்கு அது முதல்தரமான சான்று.

பேர் பெற்ற ஓவியம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். அங்குள்ள இரண்டு உருவங்கள் ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் பரவிவிட்டன. உருவங்களின் அருகே பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ஓவியம் முதல்நிலைச் சான்று. பெயர் பிற்காலத்தார் தந்தது. அந்த அடையாளத்தை ஏற்காத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

மெய்க்கீர்த்திகளைப் பற்றிய எச்சரிக்கை இதைவிடக் கனமானது. ராஜராஜன் தன் வெற்றிகளைக் கல்வெட்டின் முகப்பிலேயே செய்யுளாகச் சொல்லும் வழக்கத்தைப் பரவலாக்கினான். ஆண்டுக்கு ஆண்டு வெற்றிகள் கூடுவதால், எந்தப் போர் எந்த ஆண்டுக்கு முன் நடந்தது என்று கணிக்க அவை பேருதவி. கீர்த்தி என்பதால் தோல்விக்கு அதில் இடமில்லை. வென்ற நாட்டில் நடந்தவற்றுக்கும் இடமில்லை. அதற்கு எதிர்த்தரப்பிடம் போக வேண்டும்.

கன்னட நாட்டின் ஹொட்டூரில் மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1007ஐ ஒட்டியது, இருக்கிறது. சோழப்படை ஒன்பது லட்சம் பேரோடு வந்து நாட்டைப் பாழாக்கியது, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றது என்று சொல்லி, சத்தியாசிரயன் அவர்களை விரட்டினான் என்று முடிக்கிறது. ஒன்பது லட்சம் என்ற எண்ணை நம்ப வேண்டியதில்லை. அதுவும் ஒரு கீர்த்திதான், மறுபக்கத்துக் கீர்த்தி. படையெடுப்பு நடந்தது ஐயத்துக்கு அப்பாற்பட்டது; அது கொடுமையாக இருந்தது என்பது எதிர்த்தரப்பின் சாட்சி. தமிழ் வாசகர்கள் இந்தக் கல்வெட்டை அதிகம் அறியாதது வருத்தத்துக்குரியது.

இலங்கையில் நிலைமை இன்னும் சுவையானது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஈழத்து அரசர் முடியையும் அரசியர் முடியையும் கைப்பற்றியதைப் பெருமையோடு சொல்கிறது. பிக்குகள் பிற்காலத்தில் பாலி மொழியில் தொகுத்த சூளவம்சம், ஐந்தாம் மகிந்தனின் 36ஆம் ஆட்சியாண்டில் சோழர் வந்து அரசியையும் மணிமுடியையும் அணிகலன்களையும் கொண்டு சென்றதையும், தாதுகோபங்களை உடைத்ததையும், மன்னனைச் சிறைப்பிடித்ததையும் துயரத்தோடு சொல்கிறது. ஒருவருக்கொருவர் பகைவர், மொழி வேறு, சமயம் வேறு, காலமும் வேறு. முடி பறிபோன செய்தியில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். தம் விருப்பம் வெவ்வேறாக இருந்தும் இரண்டு சாட்சிகள் ஒரே நிகழ்ச்சியைச் சொன்னால் ஆய்வாளர் அதைத் துணிந்து எழுதலாம்.

தனித்தனிச் சான்றுகள் இப்படிப் பேச, அவற்றை மொத்தமாக வைத்துக் கேட்கும் முறையை ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா கொண்டுவந்தார். திருச்சிப் பகுதியில் காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை அவர் ஒப்பிட்டு, 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டில் ஆய்வு வாசித்தார். அந்தணருக்கு விடப்பட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியாட்கள் நிலத்தை விற்றார்கள். வேளாண் ஊரான அல்லூரில் ஊரார் கூட்டாக விற்றார்கள். இந்த வேறுபாட்டை எந்தக் கல்வெட்டும் தானாகச் சொல்லவில்லை. விற்றவர் பெயர்களை வரிசையாக எடுத்து எண்ணியபோது தெரிந்தது. பின்னர் அவர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் பெயரடைவு ஒன்றை வெளியிட்டார்.

அதே கல்வெட்டுகளிலிருந்து நீலகண்ட சாஸ்திரி உறுதியான மைய ஆட்சி ஒன்றைக் கண்டார். பர்ட்டன் ஸ்டெய்ன் 1980இல் வெளியிட்ட நூலில், நாடு எனப்பட்ட வட்டாரங்கள் தத்தம் போக்கில் இயங்க, சோழ அரசனின் மேலாண்மை பெரிதும் சடங்களவில் நின்றது என்று வாதிட்டார். கராஷிமாவும் சுப்பராயலுவும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிகளின் பெயர்களையும் கணக்கெடுத்து, ஸ்டெய்னின் சித்திரம் நிற்காது என்று வாதிட்டார்கள். மூன்று தரப்பும் இரண்டாம் நிலை நூல்களே. இவற்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு ‘சோழர் ஆட்சி இப்படி இருந்தது’ என்று எழுதும் ஆய்வேட்டுக்கு அடித்தளம் கிடையாது.

நல்ல இரண்டாம் நிலை நூலை அதன் அடிக்குறிப்பு காட்டிக்கொடுக்கும். அரசின் கல்வெட்டுத் துறை 1887 முதல் ஆண்டறிக்கைகளை வெளியிட்டு, படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் எண் கொடுத்து வந்திருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பொறுப்போடு எழுதிய எந்த நூலிலும் 1920ஆம் ஆண்டின் 577ஆம் எண் என்ற குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஆண்டறிக்கையின் சுருக்கம் கிடைக்கும், அங்கிருந்து ‘எபிகிராபியா இண்டிகா’வில் அச்சான முழு வாசகத்துக்குப் போகலாம், வாசகத்தில் ஐயம் வந்தால் மைப்படியைக் கேட்டுப் பார்க்கலாம், அதிலும் தெளியாவிட்டால் காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து ஏறி, உடையார்குடிக் கோயிலின் சுவரில் வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்கலாம்.